வாடை சொன்ன பொய்

இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாவட்ட நீச்சல் போட்டி. அது நடக்க வேண்டிய குளம், வியாழக்கிழமை மதிய வெயிலில், கேட்டில் பூட்டுத் தொங்க, ஒரு ஆள்கூட இறங்காமல் கிடந்தது.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் ரோட்டில், மில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே கடக்கும் இடத்தில் இருந்தது அந்தக் குளம். துப்பறியும் அறிவுச்செல்வி ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து இறங்கி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஓட்டி வந்த சதாம் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டான். அவன் அவளுடைய உதவியாளன்.

அந்தச் சொல்தான் இரண்டு நாளாக அவனைப் படுத்திக்கொண்டிருந்தது. பழனி ரோட்டுப் பிரியாணிக் கடையில் அண்டா திருடியவனைப் பிடித்த செய்தி முந்தாநாள் பேப்பரில் வந்திருந்தது. அண்டா இருந்த இடத்தை மோப்பம் பிடித்தவன் சதாம். பேப்பரில் அறிவுச்செல்வியின் பேர் தலைப்பிலேயே இருந்தது. சதாமின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'உதவியாளர் ஒருவர்' என்று இருந்தது. அந்த 'ஒருவர்' மீன் முள் மாதிரி அவன் தொண்டையில் நின்றார்.

கைத்தடி ஊன்றி வந்து கேட்டைத் திறந்தார் அப்துல் சுக்கூர் ஹாஜியார். தோல் வியாபாரத்தில் சம்பாதித்ததை இந்தத் தண்ணீரில் போட்டவர். பக்கத்துக் கடைக்கு டீ சொன்னார். மேடத்துக்குக் கண்ணாடி டம்ளரில் வந்தது. சதாமுக்குப் பேப்பர் கப்பில் வந்தது.

சதாம் ஏதோ முணுமுணுத்தான்.

"என்னடா?" என்றாள் அறிவுச்செல்வி.

"ஒண்ணுமில்ல மேடம். பேப்பர்ல பேருதான் வரல, டீயாச்சும் வந்துச்சேன்னு சொன்னேன்."

அவள் காதில் வாங்காத மாதிரி ஹாஜியார் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க."

"மூணு வாரமா இதே கதைம்மா. பிள்ளைகளுக்குக் கண்ணு எரியுது, தோலு அரிக்குது. ஒரு பய இருமல் நிக்காம ஆஸ்பத்திரியில கிடந்து நேத்துத்தான் வீட்டுக்கு வந்திருக்கான். குளோரின் வாடை ரோடு வரைக்கும் வருது. பெத்தவங்க சும்மா இருப்பாங்களா? அம்புட்டையும் அள்ளிக் கொட்டியிருக்கான் இந்த மனுசன்."

கைத்தடி பம்ப் ரூம் பக்கம் நீண்டது. அங்கே நிழலில், தலையில் துண்டோடு இஞ்ஞாசி உட்கார்ந்திருந்தார். குளத்துக்குக் குளோரின் ஊற்றுவதும் வடிகட்டியைக் கழுவுவதும் அவர் வேலை.

"அஞ்சு மணிக்கு நீச்சல் சங்கத்துக்காரங்க வாராங்க," என்றார் ஹாஜியார். "காரணம் தெரியலைன்னா இந்த வருசப் போட்டி ரத்து. அவங்க முன்னாடியே இவனை ஸ்டேஷன்ல ஒப்படைக்கப் போறேன்."

"எப்பவும் ஊத்துற அளவுதான் ஊத்துனேன் தாயி," என்றார் இஞ்ஞாசி. குரலில் உயிரே இல்லை. "ஒரு மக் கூடக் கூடுதல் கிடையாது."

"அண்ணன் பாவம் ஹாஜியார்," என்று ஒரு பெண் குரல் குறுக்கிட்டது. "வயசாயிருச்சு, அளவு தப்பியிருக்கும். அதுக்குப் போலீசெல்லாம் எதுக்கு? போட்டி போனாப் போகுது. அடுத்த வருசம் வச்சுக்கலாம்."

பேசியவள் மலர்விழி, நீச்சல் பயிற்சியாளர். முப்பத்தைந்தைத் தாண்டியவள். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச். அந்த அகன்ற தோள்களைப் பார்த்ததும் சதாம் தன் தோள்களைக் கொஞ்சம் விரித்து நின்றான்.

"எனக்கு அடுத்த வருசம் இல்ல மிஸ்."

சொன்னது ஷப்னம், பேகம்பூர்ப் பெண், பதினேழு வயது. குளத்தைத் திறப்பார்கள் என்ற நம்பிக்கையில், கழுத்து முதல் கணுக்கால்வரை மூடிய நீச்சல் உடுப்பின்மேல் துண்டைப் போர்த்தி வந்திருந்தாள். கண் இரண்டும் செவ்வரளிப் பூவாகச் சிவந்திருந்தன. "ஜூன்ல கோயம்புத்தூர்க் காலேஜுக்குப் போறேன். திண்டுக்கல்லுக்காக நான் நீந்துறது இதுதான் கடைசி."

"எதுல இறங்குற?" என்று கேட்டாள் அறிவுச்செல்வி.

"நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல்க்கா. மாவட்ட ரெக்கார்டை ஒடைக்கணும்னு ஆசை. ஆனா ஒரு மாசமா ஒரு நிமிஷம் பன்னெண்டு புள்ளி ஆறுலயே நிக்கிறேன். எம்புட்டு முக்கினாலும் அதே டைம்தான். எனக்கே வெக்கமா இருக்கு. மிஸ் ஒரு வார்த்தை திட்ட மாட்டாங்க."

மலர்விழி அவள் தலையில் கை வைத்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

அறிவுச்செல்வி குளக்கரையில் குத்துக்காலிட்டாள். சதாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்துத் தண்ணீர் மொண்டாள். வெள்ளை மாத்திரை ஒன்றைப் போட்டுக் குலுக்கினாள்.

"குளோரின் இருந்தா ரோஸ் கலர் வரும்," என்றாள்.

வரவில்லை. குளோரின் மிதமிஞ்சி இருந்தாலும் கலர் வராது என்ற சந்தேகத்துக்கு, பாட்டில் தண்ணீரைக் கலந்து மறுபடி பார்த்தாள். மறுபடியும் வெறும் தண்ணீர்தான்.

"மாத்திரை பழசா இருக்கும்மா," என்றார் ஹாஜியார். "வாடை கொடலைப் பொரட்டுது, குளோரின் இல்லைன்னா எப்படி?"

"தண்ணியைச் சோதிக்கிற எங்க சொட்டு மருந்து மஞ்சளாக் காட்டுதே தாயி," என்றார் இஞ்ஞாசி. "தினமும் பாக்குறேனே."

"உங்க சொட்டு மருந்து, உயிரோட இருக்கிற குளோரினையும் ஓஞ்சுபோன குளோரினையும் ஒண்ணாச் சேர்த்து எண்ணும்ணே. இந்த மாத்திரை உயிரோட இருக்கிறதை மட்டும்தான் எண்ணும்." அவள் எழுந்தாள். "குளோரின் போதுமான அளவு இருந்தா அழுக்கைத் தின்னுட்டுச் சத்தமில்லாம இருக்கும். கம்மியா இருந்தா வேர்வையிலயும் மூத்திரத்துலயும் போய்ச் சிக்கிக்கிரும். அந்தக் கூட்டு கிளப்புறதுதான் இந்த வாடை. கண்ணை எரிக்கிறதும் அதுதான். தண்ணியில குளோரின் கூடிப்போகல ஹாஜியார். பத்தல."

சதாம் மூக்கிலிருந்து கையை எடுத்தான். "அப்ப நாம இம்புட்டு நேரம் மோந்துகிட்டு இருந்தது பிள்ளைக ஒண்ணுக்கையா மேடம்?"

"பாதி."

"மிச்சம்?"

"வேர்வை."

அவன் பேப்பர் கப்பை மெதுவாகக் கீழே வைத்தான்.

ஹாஜியாருக்கு மட்டும் முகம் இன்னும் கறுத்தது. "அப்ப ஊத்தவே இல்லையாடா நீ? கேன் கேனா வாங்கிப் போட்டதை வெளியில வித்துட்டியா?"

ஒரு நிமிடம் முன்னால்வரை கைமறதிக்காரனாக இருந்த இஞ்ஞாசி இப்போது திருடனாகிவிட்டார். அவர் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"கேன் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள் அறிவுச்செல்வி.

பம்ப் ரூமுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. டியூப்லைட்டைப் போட்டதும் இருபது லிட்டர் வெள்ளைக் கேன்கள் இரண்டு வரிசையாகத் தெரிந்தன. முன்னால் இருந்த ஒரு கேனில் கைப்பம்பு சொருகியிருந்தது. வாசல் ஓரத்தில் தனியாக ஒரு கேன்.

"அது இன்னைக்குக் காலையில வந்த கேன்," என்றார் இஞ்ஞாசி.

"எப்ப ஊத்துவீங்க?"

"பொழுது சாஞ்ச பெறகுதான் தாயி. பகல்ல ஊத்துனா வெயில் குடிச்சிரும்."

"அது எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"மிஸ்ஸுதான் சொல்லிக் குடுத்தாங்க, நான் சேர்ந்த புதுசுல."

அறிவுச்செல்வி சதாமிடம் கையை நீட்டினாள். "கர்ச்சீப்பைக் குடு."

"மேடம், இது எங்க மாமி பெருநாளைக்குக் குடுத்தது."

"திருப்பித் தந்துர்றேன்."

கரும்பச்சைக் கர்ச்சீப்பின் ஒரு மூலையைக் குச்சியில் சுற்றிக் கைப்பம்பு இருந்த கேனில் நனைத்தாள். எதிர் மூலையை, இன்று வந்த கேனில் நனைத்தாள். செத்த நேரம் காத்திருந்தார்கள். இன்றைய கேனில் நனைந்த மூலை, பழுப்பாகி, பிறகு கோழி முட்டை நிறத்துக்கு வெளுத்தது. மற்ற மூலை பச்சையாகவே இருந்தது.

"அண்ணன் அளவு சரிதான்," என்றாள். "ஊத்துனதுலதான் சத்து இல்ல. சதாம், இந்தா."

"வச்சுக்கங்க மேடம். மாமிகிட்ட நீங்களே குடுத்துருங்க."

சொல்லிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்தினான். அவன் கண் கேன்களின் லேபிளில் நின்றது. இன்று வந்த கேனில் எழுத்துகள் மிளகாய்ப் பழச் சிவப்பு. பின்வரிசையில் இரண்டு கேன்களும் அப்படியே சிவப்பு. முன்வரிசை முழுக்க, அதே எழுத்து, பஞ்சுமிட்டாய் நிறத்தில் வெளிறிப் போயிருந்தது.

"மேடம். இது இருட்டு ரூமு."

"ஆமா."

"வெயிலே படாத ரூம்ல லேபிள் எப்படி வெளுக்கும்?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் படம் எடுத்துப் பேப்பருக்கு அனுப்பலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"அண்ணே," என்றாள் அவள், "கேனெல்லாம் நீங்கதான் நகத்துவீங்களா?"

"எங்க தாயி. பொங்கல் கழிச்சுக் குடலிறக்க ஆபரேஷன் ஆச்சு. வெயிட்டே தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கேன் தீர்ந்தா அடுத்ததை முன்னாடி இழுத்து வச்சுக் குடுக்குறது மிஸ்தான். நல்ல மனசு. பின்னாடி எத்தனை இருக்குன்னுகூட நான் பாக்குறதில்ல."

"வெயில் படுற இடம் மாடிதான். அந்தச் சாவி யார்கிட்ட?"

"அதுவும் மிஸ்கிட்டதான். மத்தியானம் அங்கதான் உடற்பயிற்சி பண்ணுவாங்க. அந்நேரம் நான் சாப்பிடப் போயிருவேன்."

மலர்விழி சாவியைக் கேட்டதும் தந்தாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"ஒரு கேனைத் தூக்கிட்டு வா," என்று சொல்லிவிட்டு அறிவுச்செல்வி மாடிப்படி ஏறினாள்.

சதாம் தூக்கினான். பாதிப் படியில் இறக்கி வைத்தான். மறுபடி தூக்கினான். மாடிக்கு வந்தபோது அவன் நாக்கு சட்டைப் பட்டன்வரை தொங்கியது. அங்கே சூடு இறங்காமல் இருக்கத் தரையில் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேலே ரோட்டுப் புழுதி படிந்திருந்தது. தெற்குச் சுவர் ஓரத்தில், நிழலே விழாத இடத்தில், புழுதி படியாத வட்டங்கள் வரிசையாக இருந்தன. அவன் கேனை ஒரு வட்டத்தில் வைத்தான். அச்சாகப் பொருந்தியது.

"குளத்துல ஊத்துனா வெயில் குடிக்கும்னு பொழுது சாஞ்சு ஊத்துறாரு அண்ணன்," என்றாள் அறிவுச்செல்வி. "அதுக்கு முன்னாடியே, கேனுக்குள்ள வச்சே, வெயில் குடிச்சு முடிச்சிருச்சு. விலை குடுத்து ஒரு மருந்தும் வாங்கல, கலக்கல. திண்டுக்கல் வெயிலை மட்டும் வச்சு வேலை நடந்திருக்கு."

"வெயிலை ஸ்டேஷன்ல ஒப்படைக்க முடியாதே மேடம்."

"தூக்கிட்டு வந்தவங்களை ஒப்படைக்கலாம். யாரால தூக்க முடியும், நீயே சொல்லு."

சதாம் விரல் மடக்கி எண்ணினான். "அண்ணனுக்கு ஆபரேஷன். ஹாஜியாருக்கு முழங்கால். பிள்ளைக மத்தியானம் வாரதில்ல. எனக்கு இப்பத்தான் தோள் போச்சு." கடைசி விரலை மடக்காமல் கீழே பார்த்தான். குளக்கரையில் மலர்விழி, ஷப்னத்தின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு மேடம்? அந்தப் பிள்ளை மேல அம்புட்டுப் பிரியமா இருக்காங்களே."

"அதுதான் எனக்கும் தெரியல," என்றாள் அவள். அவள் இப்படிச் சொல்லி அவன் கேட்டது அபூர்வம்.

படி இறங்கும்போது சதாம் சுவரில் இருந்த பலகையைப் படித்தான். எங்கே பேர்ப்பலகை இருந்தாலும் அவன் படிப்பான். எதிலும் அவன் பேர் இருக்காது. 'மாவட்ட சாதனைகள்' என்று தலைப்பு. கீழே ஆறேழு வரிகள். மேற்கு வெயில் நேராக விழும் சுவர். ஒவ்வொரு வரியும் கண்ணைச் சுருக்கினால்தான் தெரிந்தது. ஒரே ஒரு வரி மட்டும் நேற்று எழுதியது மாதிரி கறுப்பாகப் பளபளத்தது.

'மகளிர் 100 மீ. ஃப்ரீஸ்டைல். சு. மலர்விழி. 1:11.4. ஆண்டு 2006.'

"அண்ணே, இது எப்ப எழுதுனது?"

"ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மிஸ்ஸே பெயிண்ட் வாங்கியாந்து எழுதுவாங்க தம்பி," என்றார் படிக்குக் கீழே நின்ற இஞ்ஞாசி. "அவுக வரியை மட்டும்."

சதாம் அந்த வரியை மறுபடி ஒருமுறை படித்தான். முந்தாநாள் அந்தப் பேப்பரை அவன் எத்தனை முறை விரித்துப் பார்த்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

ஹாஜியாரை முன்னால் வைத்து அறிவுச்செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் தண்ணீரைச் சொன்னாள். இன்று பொழுது சாய்ந்ததும் புதுக் கேனிலிருந்து தான் சொல்லும் அளவுக்கு ஊற்ற வேண்டும். வடிகட்டி நிற்காமல் ஓட வேண்டும். நாளை யாரும் இறங்கக் கூடாது. சனிக்கிழமை காலையில் மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை விட வேண்டும். பிறகு கேனைச் சொன்னாள், லேபிளைச் சொன்னாள், மாடி வட்டங்களைச் சொன்னாள்.

மலர்விழி நிதானமாகக் கேட்டாள். "ஆமா, மாடியில வச்சேன். ரூம்ல நெடி தாங்கலைன்னு வச்சேன். வெயில்ல சத்துப் போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே மிஸ் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க," என்றார் இஞ்ஞாசி. அதில் குற்றச்சாட்டு இல்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"அந்தப் பலகை, மிஸ்," என்றான் சதாம். "எல்லாப் பேரும் வெளுத்துருச்சு, உங்க பேரைத் தவிர. ரெக்கார்டு போட்டியில ஒடைச்சாத்தான் கணக்கு. இந்தப் போட்டி ரத்தானா ஷப்னம் கோயம்புத்தூர் போயிரும். உங்க வரி அங்கயே இருக்கும்."

மலர்விழி சிரித்தாள். வெளிப்படையான, நல்ல சிரிப்பு.

"தம்பி, என் ரெக்கார்டு ஒண்ணு பதினொண்ணு நாலு. இவ டைம் ஒண்ணு பன்னெண்டு ஆறு. இவளே சொன்னாளே, கேக்கலையா? ஒரு செகண்டுக்கு மேல பின்னாடி இருக்கா. இவளைப் பாத்து நான் எதுக்குப் பயப்படணும்?"

ஷப்னம் தலையைக் குனிந்துகொண்டாள். ஹாஜியார் தாடியைத் தடவினார். "அதானே. புள்ளை மாதிரி வளக்குது அது. நீங்க ஏதோ தப்பாப் பாத்துட்டீங்கம்மா. கேனை வெளியில வச்சது தெரியாம செஞ்ச தப்பு. எடுத்து ஊத்துனது இவன். அஞ்சு மணிக்கு நான் யாரையாவது கையைக் காட்டணும்ல?"

அறிவுச்செல்வி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இஞ்ஞாசி எழுந்து, துண்டை உதறி, தோளில் போட்டுக்கொண்டார். போகத் தயாராகிவிட்ட மனுசன் மாதிரி இருந்தது.

சதாம் மேடத்தின் முகத்தைப் பார்த்தான். இவளைப் பார்த்து இரண்டு நாளாக எரிந்துகொண்டிருந்தோமே என்று நினைத்தான். டீ கொண்டுவந்தவனைப் பார்த்து எரியவில்லை. ரோட்டில் போகிற மில் பஸ் கண்டக்டரைப் பார்த்து எரியவில்லை. இவளைப் பார்த்துத்தான் எரிந்தது. ஏன் என்று அவனுக்குச் சுருக்கென்று உறைத்தது.

"ஹாஜியார், செத்த நேரம்," என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "எனக்கு எங்க மேடத்து மேல பொறாமை உண்டு. நெறையவே உண்டு. அவங்க என்னைவிடப் பெரிய ஆளுங்கிறதால. நமக்குக் கீழ இருக்கிறவங்களைப் பாத்து யாருக்கும் வயிறு எரியாது. ஒரு செகண்டு பின்னாடி வாரவளுக்காக மூணு வாரம் யாரும் கேன் சுமக்க மாட்டாங்க."

"அதனால?"

"அதனால ஷப்னம் பின்னாடி இல்ல." அவன் அந்தப் பெண்ணைப் பார்த்தான். "ஏம்மா, நீ நீந்தும்போது உன் டைமை நீ பாப்பியா?"

"எப்படிப் பாக்க முடியும்? சுவரைத் தொட்டதும் மிஸ் சொல்லுவாங்க."

"வேற யாராச்சும் பாப்பாங்களா?"

"இல்ல. வாட்ச் மிஸ் கையில மட்டும்தான்…"

எல்லாரும் மலர்விழியின் கையைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள், அந்த ஸ்டாப்வாட்ச் வேறு யாருடையதோ என்பது போல.

அறிவுச்செல்வி மெதுவாகக் கேட்டாள். "அவளோட டைம் என்ன மலர்விழி?"

ரோட்டில் ஒரு பஸ் போனது. இன்னொன்றும் போனது.

"அப்ப எனக்குப் பதினாறு வயசு," என்றாள் மலர்விழி. "கெணத்துல நீந்திப் பழகி வந்தவ. எனக்குன்னு இந்த ஊர்ல இருக்கிறது அந்த ஒரு வரி." பிறகு ஷப்னத்தின் பக்கம் திரும்பினாள். "உனக்குக் கடைசித் திருப்பத்துல கை தளரும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை தளரல. அன்னைக்கு நீ சுவரைத் தொட்டப்போ நான் வாட்சைப் பாத்தேன். சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஒரு மூச்சு விடுற நேரம் நெசமாவே சந்தோசமா இருந்துச்சு. அப்புறம் அதை அழிச்சிட்டு, வாயில வந்த நம்பரைச் சொன்னேன். அன்னையில இருந்து தினமும் அதையே சொல்லிட்டு இருக்கேன்."

"எம்புட்டு மிஸ்?" ஷப்னத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. "அன்னைக்கு நான் எம்புட்டு?"

மலர்விழி கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் படியில் வைத்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள். "ஒம்போது புள்ளி எட்டு."